நெடுஞ்சாலை 401 இல் பிறக்கும் வண்டி: ‘றவ் 4’ இன் கதையும் கணக்கும்



வீட்டு வரவு செலவு பற்றி வானொலியில் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில் பெரியவர் ஒருவர் அழைப்பில் வந்தார். “தம்பி, மகள் றவ் ஃபோர் எடுக்கப் போறாளாம். மாதம் அறுநூற்றைம்பது டொலர், ஏழு வருசம். நான் பதினெட்டு வருசம் கார் சீற் செய்யிற கொம்பனியிலை நிண்டனான். செய்த சீற்றிலை ஒருநாளும் இருந்து போனதில்லை. இப்ப பிள்ளை புதுக்கார் எடுக்கிறாள் எண்டால் சந்தோசந்தான். ஆனா அந்தக் காசுக்கு அது பெறுமதியோ?” என்று கேட்டார்.

அடுத்த நேயர் காத்திருந்ததால், “ஏழு வருசம் நீளம் ஐயா, ஐந்தாகக் குறைக்கப் பாருங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போகும்போது அது அரைப் பதில் என்று மனம் உறுத்தியது. ஒரு பொருள் பெறுமதியா என்று சொல்வதற்கு அது எப்படி வந்தது, யார் செய்கிறார்கள், எங்கே பழுதுபடும் என்பதெல்லாம் தெரியவேண்டும். கணக்காளனாகிய எனக்கு வரலாறும் ஒருவகைப் பேரேடுதான். ஆகவே அந்தப் பெரியவருக்குச் சொல்லாமல் விட்டதை இந்த மாதக் கட்டுரையாக எழுதுகிறேன்.

ஜீப்புக்கும் காருக்கும் நடுவில்

ஊரில் எங்களுக்குத் தெரிந்த கார் என்றால் ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர். ஜீப் என்றால் அது பொலிசுக்கும் இராணுவத்துக்கும் உரியது. அதை யாரும் குடும்ப வாகனமாக நினைத்ததில்லை. இந்த இரண்டுக்கும் அமைப்பிலேயே வேறுபாடு உண்டு. ஜீப்பிலும் லொறியிலும் முதலில் கனத்த இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும். அதன்மேல் தனியாகச் செய்த உடலை ஏற்றிப் பூட்டுவார்கள். கரடுமுரடான பாதைக்கு அது உறுதியானது. ஆனால் பாரம் கூட, எரிபொருள் கூட, குலுக்கமும் கூட. இன்றைய கார்களிலோ அப்படித் தனிச் சட்டம் கிடையாது. உடலும் சட்டமும் ஒரே கூடாக வார்த்தாற்போல இருக்கும். அதனால் பாரம் குறையும், ஓட்டம் மென்மையாக இருக்கும்.

காரின் கூட்டை எடுத்து, ஜீப்பைப் போல உயர்த்தி, நான்கு சில்லுக்கும் விசை கொடுத்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்தவைதான் இன்று ‘குறொஸ்ஓவர்’ எனப்படும் வாகனங்கள். இதற்கு முன்னோடியாகப் பலரும் காட்டுவது 1979 இல் அமெரிக்கன் மோட்டோர்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘ஈகிள்’ என்ற காரை. அந்த ஈகிள் எங்கள் பக்கத்துப் பிரம்ரனில் இருந்த அந்த நிறுவனத்தின் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டது. 1987 இன் இறுதியில் அதன் உற்பத்தி நின்றது. எண்ணம் நல்லது, ஆனால் காலம் இன்னும் கனியவில்லை.

அதைக் கனியவைத்தது ரொயோட்டா. 1989 இல் ரோக்கியோ மோட்டார் கண்காட்சியில் ‘றவ் ஃபோர்’ என்று ஒரு மாதிரி வண்டியைக் காட்டினார்கள். யப்பானில் காணி விலையும் பங்கு விலையும் வானத்தைத் தொட்டு நின்ற காலம் அது. அந்தக் குமிழி உடைந்த பின்னர், 1994 மே மாதத்தில்தான் வண்டி விற்பனைக்கு வந்தது. ‘றெக்கிறியேஷனல் அக்ரிவ் வெஹிக்கிள்’ என்ற சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘றவ்’. நான்கு சில்லும் இழுக்கும் என்பதற்காக 4. ஓய்வு நாளில் கடற்கரைக்கும் மலைக்கும் போகும் இளைஞருக்கென்றே பெயர் வைத்தார்கள்.

முதலில் வந்தது மூன்று கதவுள்ள குட்டி வண்டி. நான்கு மீற்றர் நீளங்கூட இல்லை. கொறோல்லா போன்ற தங்கள் கார்களின் பாகங்களையே பெரும்பாலும் பயன்படுத்தியதால் செய்யும் செலவும் கட்டுக்குள் நின்றது. 1995 இல் ஐந்து கதவு வண்டி வந்தது. வட அமெரிக்காவுக்கு 1996 ஆம் ஆண்டு மாதிரியாக இது வந்தபோது, இரண்டு லீற்றர் இயந்திரத்துக்கு 120 குதிரைவலுதான். 1995 இல் ஹொண்டாவும் ‘சீ.ஆர்.வீ.’ என்ற தன் வண்டியை யப்பானில் வெளியிட்டது. இந்த இரண்டின் போட்டி இன்றுவரை தொடர்கிறது.

குட்டி வண்டி குடும்ப வண்டியான விதம்

கடற்கரைக்குப் போகும் இளைஞருக்காகச் செய்த வண்டியைப் பிள்ளை குட்டிக்காரர் பிடித்துக்கொண்டார்கள். இருக்கை உயரமாக இருப்பதால் முழங்கால் நோவுள்ள அம்மம்மா குனியாமலும் ஏறாமலும் பக்கவாட்டில் அப்படியே அமரலாம். குழந்தை இருக்கையைப் பூட்ட முதுகை வளைக்கத் தேவையில்லை. பின்னாலே அரிசி மூட்டையும் தள்ளுவண்டியும் வைக்கலாம். இதையெல்லாம் கண்டு ரொயோட்டாவும் ஒவ்வொரு தலைமுறையிலும் வண்டியைப் பெருப்பித்துக்கொண்டே போனது.

2000 ஆம் ஆண்டில் இரண்டாம் தலைமுறை வந்தது. 2005 இன் இறுதியில் வந்த மூன்றாம் தலைமுறையில், வட அமெரிக்காவுக்கு 269 குதிரைவலுவுள்ள ஆறு சிலிண்டர் இயந்திரமும், விரும்பினால் மூன்றாம் வரிசை இருக்கையும் கிடைத்தன. 2013 மாதிரியில் இவை இரண்டும் நீக்கப்பட்டன. அதுவரை பின்கதவில் தொங்கிய மேலதிகச் சில்லும் உள்ளே போனது. பக்கவாட்டில் திறந்த கதவு மேலே தூக்கும் கதவானது. ஜீப் வேடத்தின் கடைசி அடையாளம் அத்துடன் கழன்றது என்று சொல்லலாம்.

2016 மாதிரியில் பெற்றோல் இயந்திரத்தோடு மின்மோட்டாரும் சேர்ந்த ‘ஹைபிறிட்’ வந்தது. இதைக் கேட்டு எங்கள் ஆட்கள் வியக்கத் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாங்கள். இருவகைச் சக்தியில் வண்டி ஓட்டுவதை எங்களுக்குத் தேவை கற்றுத்தந்தது, இவர்களுக்கு ஆராய்ச்சிக்கூடம் கற்றுத்தந்தது.

ஹைபிறிட்டில் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண நான்கு சில்லு வண்டியில் முன்னாலுள்ள இயந்திரத்தின் விசையை நீண்ட தண்டு ஒன்று பின்சில்லுக்குக் கொண்டுபோகும். இந்த ஹைபிறிட்டில் அந்தத் தண்டே இல்லை. பின்சில்லுக்குத் தனி மின்மோட்டார், அதற்கு ஒரு மின்கம்பி, அவ்வளவுதான். பிறேக் பிடிக்கும்போது வீணாகும் விசையை மின்சாரமாக்கி மின்கலத்தில் சேமிப்பதால், நின்று நின்று ஓடும் நகர ஓட்டத்தில்தான் இலாபம் கூட.

2019 மாதிரியோடு ஐந்தாம் தலைமுறை வந்தது. 2020 இல் உலகம் முழுவதும் விற்ற மொத்த எண்ணிக்கை 10 மில்லியனைத் தாண்டியதாக ரொயோட்டா அறிவித்தது. 2020களின் தொடக்க ஆண்டுகளில், பிக்கப் வண்டிகளை நீக்கிப் பார்த்தால், கனடாவில் மிக அதிகம் விற்றதும் இதுதான். 2025 மே மாதத்தில் காட்டப்பட்ட ஆறாம் தலைமுறையில் பெற்றோலில் மட்டும் ஓடும் வகையே இல்லை. எல்லாமே ஹைபிறிட், அல்லது வீட்டில் செருகி மின்னேற்றும் ஹைபிறிட்.

401 இன் மேற்கே

இனி எங்கள் மாகாணத்துக் கதைக்கு வருவோம். ஸ்காபரோவில் 401 இல் ஏறி மேற்கே ஓட்டினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் கேம்பிறிட்ஜ். இன்னும் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல் போனால் வூட்ஸ்ரொக். இந்த இரு ஊர்களிலுந்தான் கனடாவின் றவ் 4 கள் செய்யப்படுகின்றன.

கேம்பிறிட்ஜ் தொழிற்சாலையில் முதற் கொறோல்லா 1988 நவம்பரில் வெளிவந்தது. 83 கலவரத்தின் பின் எங்கள் மக்கள் இந்த நாட்டுக்கு வந்து வேர்விடத் தொடங்கிய காலமும் அதுவே. பழைய கொறோல்லா ஒன்றைக் காசுக்கு வாங்கி, மூன்று பேர் பங்குபோட்டு இரவு வேலைக்குப் போன கதை பல வீடுகளில் உண்டு. வாங்கியவர்களுக்கு அது பக்கத்து ஊரில் செய்த வண்டி என்பது தெரிந்திருக்காது. யப்பான் கார் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

வூட்ஸ்ரொக் தொழிற்சாலையைக் கட்டப்போவதாக ரொயோட்டா 2005 இல் அறிவித்தது. திறந்தது 2008 டிசம்பரில். நாளைக் கவனியுங்கள். உலக நிதி நெருக்கடியில் ஜெனரல் மோட்டோர்சும் கிறைஸ்லரும் அரசாங்கங்களிடம் உதவி கேட்டு நின்ற மாதம் அது. அந்த நேரத்தில் றவ் 4 செய்வதற்கென்றே ஒரு புதுத் தொழிற்சாலை எங்கள் மாகாணத்தில் கதவு திறந்தது.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. ரெஸ்லா நிறுவனத்தின் மின்கலமும் மோட்டாரும் பூட்டிய முழு மின்சார றவ் 4, 2012 முதல் 2014 வரை இதே வூட்ஸ்ரொக்கில் செய்யப்பட்டது. மொத்தம் ஏறக்குறைய 2,500 வண்டிகள். விற்றது கலிபோர்னியாவில் மட்டும். செய்த கைகள் ஒன்ராறியோவின் கைகள், ஆனால் செய்தவர் தன் ஊரில் அதை வாங்க முடியாது. சீற் செய்த பெரியவர் சொன்னதை நினைத்துப் பார்க்கிறேன்.

2019 இல் கேம்பிறிட்ஜில் கொறோல்லா நிறுத்தப்பட்டு, அந்த இடத்தில் றவ் 4 தொடங்கியது. முப்பது ஆண்டு ஓடிய காரை விலத்திவிட்டு இந்த உயரமான வண்டி உட்கார்ந்துகொண்டது. மக்கள் எதை வாங்குகிறார்களோ அதற்கேற்பத் தொழிற்சாலையும் மாறும்.

ஆனால் மக்கள் வாங்கினாற் போதும், தொழிற்சாலை நிலைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு உதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. வூட்ஸ்ரொக்கைத் தாண்டி 401 இல் கொஞ்சத் தூரம் போனால் இங்கர்சொல். ஜெனரல் மோட்டோர்சும் சுசுக்கியும் சேர்ந்து தொடங்கிய ‘கமி’ தொழிற்சாலை அங்கே 1989 முதல் சிறிய ஜீப் வகை வண்டிகளைச் செய்தது. பின்னர் றவ் 4 க்குப் போட்டியான ஷெவ்றொலே இக்வினொக்ஸ் அங்கே செய்யப்பட்டது. நன்றாக விற்ற வண்டிதான். ஆனால் அதே வண்டியை மெக்சிக்கோவிலும் செய்யத் தொடங்கினார்கள். இங்கர்சொல்லையே தலைமைத் தொழிற்சாலையாக வைத்திருக்கவேண்டும் என்று கேட்டு 2017 இல் தொழிலாளர் ஒரு மாதமளவு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த உறுதி கிடைக்கவில்லை. 2022 இல் இக்வினொக்ஸ் அங்கிருந்து போய்விட்டது. பதிலாக வந்த மின்சார விநியோக வானையும் நிறுத்துவதாக 2025 ஒக்ரோபரில் நிறுவனம் அறிவித்தது. அதே மாதத்தில், பிரம்ரனில் செய்வதாக இருந்த ஜீப் கொம்பஸ் என்ற இன்னொரு சிறிய குறொஸ்ஓவரை அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்துக்கு மாற்றுவதாக ஸ்ரெலன்ரிஸ் நிறுவனமும் சொன்னது.

இதற்குப் பின்னாலுள்ள காரணம் எல்லோரும் அறிந்தது. 2025 ஏப்ரல் 3 ஆம் திகதி முதல் இறக்குமதி வாகனங்களுக்கு அமெரிக்கா 25 வீத வரி விதித்தது. வட அமெரிக்க வர்த்தக உடன்பாட்டுக்கு அமைவான கனடிய வண்டிகளுக்கு, அவற்றிலுள்ள அமெரிக்கப் பாகங்களின் பெறுமதியைக் கழித்துவிட்டு மிகுதிக்கு வரி. கனடாவில் செய்யும் வாகனங்களில் மிகப் பெரும்பகுதி எல்லை தாண்டி விற்கப்படுவது. றவ் 4 ஹைபிறிட்டை 2020 முதல் அமெரிக்காவின் கென்ரக்கியிலும் செய்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரே வண்டியை இரண்டு நாட்டில் செய்யமுடியும் என்றால், எங்கே கூடச் செய்வது என்ற கேள்வி எப்போதும் மேசையில் இருக்கும். சீற், கண்ணாடி, றப்பர், பெயின்ற் என்று பாகம் செய்யும் கொம்பனிகளில் வேலை செய்யும் எங்கள் குடும்பங்களின் சாப்பாட்டு மேசையிலும் அந்தக் கேள்வி இருக்கிறது.

உப்பும் கள்வரும்

வரவுப் பக்கம் எழுதியாயிற்று. செலவுப் பக்கத்தையும் எழுதவேண்டும்.

முதலாவது உப்பு. பனிக்காலத்தில் எங்கள் வீதிகளுக்குக் கொட்டும் உப்பு வண்டியின் அடிப்பாகத்தைத் தின்னும். ஐந்தாம் தலைமுறை ஹைபிறிட் வண்டிகள் பலவற்றில், பின்மோட்டாருக்குப் போகும் உயர் அழுத்த மின்கம்பியின் இணைப்பில் உப்புநீர் தேங்கி அரிப்பு ஏற்பட்டது. மாற்றுவதற்கு ஆயிரக்கணக்கான டொலர் கேட்கப்பட்டதால் கனடாவில் பெரிய முறைப்பாடு எழுந்தது. பிறகு ரொயோட்டா அந்தப் பாகத்துக்குரிய உத்தரவாதக் காலத்தை நீடித்தது. பழைய ஹைபிறிட் வாங்குபவர்கள் வண்டியை உயர்த்தி அந்த இணைப்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

இரண்டாவது கள்வர். காப்புறுதித் துறையின் திருட்டுத் தடுப்பு அமைப்பான ஈக்விற்றே வெளியிட்ட 2024 ஆம் ஆண்டுப் பட்டியலில், கனடாவில் அதிகம் களவுபோன வண்டி றவ் 4. அதற்கு முன் 2021, 2022 பட்டியல்களில் முதலிடத்தில் இருந்தது ஹொண்டா சீ.ஆர்.வீ. நன்றாக விற்பது நன்றாகக் களவுபோகிறது, ஏனென்றால் வெளிநாட்டிலும் அதற்குக் கிராக்கி உண்டு. 2024 ஏப்ரலில் ஒன்ராறியோ மாகாணப் பொலிசார் வெளியிட்ட செய்தியின்படி, மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன்களைத் திறந்து 598 களவு வாகனங்களை மீட்டார்கள்.

கண்ணாடி உடைக்காமல் எப்படிக் கொண்டுபோகிறார்கள்? வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையைப் பிடித்துப் பெருக்கி வண்டிக்கு அனுப்புவது ஒரு வழி. இன்னொரு வழியை 2023 இல் பிரித்தானிய ஆய்வாளர் இருவர் விளக்கினார்கள். அவர்களில் ஒருவர் வாகனக் கணினிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர். லண்டனில் வீட்டு வாசலில் நின்ற அவருடைய றவ் 4 தான் களவுபோனது. முன்விளக்குக்குப் போகும் கம்பியில் ஒரு கருவியைப் பொருத்தி, வண்டியின் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வலைக்குள் ‘சரியான சாவி வந்துவிட்டது’ என்று பொய்ச்செய்தி அனுப்புகிறார்கள். கதவும் திறக்கும், வண்டியும் தொடங்கும். ஆகவே சாவியைத் தகரப் பேணியில் வைப்பது முதல் வழிக்கு மட்டுந்தான் மருந்து. ஸ்ரியறிங்கைப் பூட்டும் இரும்புத் தடி பழைய காலத்துச் சாமான் என்று சிரிக்காதீர்கள். கணினியை ஏமாற்றலாம், இரும்பை அறுக்க நேரம் எடுக்கும். கராஜ் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமானால் நிறைந்திருந்தால் அதை ஒதுக்கி வண்டியை உள்ளே விடுங்கள்.

மூன்றாவது, நான்கு சில்லும் இழுக்கும் என்ற தைரியம். அது பனியில் வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்த உதவாது. எந்த வண்டியும் நிற்பது ரயரின் பிடியில்தான். வின்ரர் ரயர் போட்டால் ஒன்ராறியோவில் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுக்கவேண்டும் என்ற விதி 2016 முதல் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

பெரியவருக்கு என் பதில்

இனிக் கணக்கு. வரியோடு 45,000 டொலர் கடன், வட்டி ஆண்டுக்கு 6 வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு ஆண்டில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 657 டொலர், வட்டி மட்டும் 10,200 அளவில். ஐந்து ஆண்டில் கட்டினால் மாதம் 870, வட்டி 7,200. வித்தியாசம் 3,000 டொலர். அத்தோடு, ஏழு ஆண்டுக் கடனில் முதற் சில ஆண்டுகளுக்கு வண்டியின் சந்தை விலையைவிடக் கடன் மீதி கூடவாக இருக்கக்கூடும். அந்த நேரத்தில் வண்டி களவுபோனால், காப்புறுதிக் காசு கடனை அடைக்கப் போதாமல், இல்லாத வண்டிக்குத் தவணை கட்டவேண்டி வரலாம். இதற்கெனத் தனிக் காப்பு இருக்கிறதா என்று கையெழுத்து வைக்க முன்னர் கேட்கவேண்டும்.

ஹைபிறிட்டின் இலாபத்தையும் பார்ப்போம். ஐந்தாம் தலைமுறையில் பெற்றோல் வண்டி 100 கிலோமீற்றருக்குச் சுமார் 8 லீற்றர் குடிக்கும், ஹைபிறிட் சுமார் 6. ஆண்டுக்கு 20,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 400 லீற்றர் மிச்சம். லீற்றர் ஒன்றரை டொலர் என்றால் 600 டொலர். பழைய வண்டி வாங்கும்போது ஹைபிறிட்டுக்குக் கேட்கும் மேலதிக விலையை இந்த 600 ஆல் பிரித்துப் பாருங்கள். எத்தனை ஆண்டில் முதல் திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

ஐயா, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வண்டி நல்ல வண்டிதான். முப்பது ஆண்டாகக் குடும்பங்களின் தேவையைப் பார்த்துப் பார்த்துத் திருத்தப்பட்டது. எங்கள் மாகாணத்துத் தொழிலாளரின் உழைப்பும் அதிலே இருக்கிறது. ஆனால் நல்ல வண்டி என்பது அதன் செய்நேர்த்திக்குக் கிடைத்த பெயர். உங்கள் வீட்டு நிலைமைக்கு அது சரியா என்பது வேறு கணக்கு. நன்றாக விற்ற வண்டியை நம்பியிருந்த இங்கர்சொல் தொழிலாளரை அந்த வண்டியின் பெயர் காப்பாற்றவில்லை. வாங்குபவரையும் பெயர் காப்பாற்றாது. ‘எல்லாரும் வைச்சிருக்கினம்’ என்பது ஒரு காரணமல்ல. மகளின் சம்பளத்தில் வாடகை, சாப்பாடு, சேமிப்பு போக, ஐந்தாண்டுத் தவணையும் காப்புறுதியும் தாங்குமானால் எடுக்கட்டும். தாங்காதென்றால் மூன்று நான்கு வயதான வண்டி ஒன்றை, அடியை உயர்த்திப் பார்த்து எடுக்கட்டும். காப்புறுதி விலையைக் கேட்டுவிட்டு வண்டியைத் தெரிவுசெய்யட்டும், வண்டியை எடுத்துவிட்டுக் காப்புறுதி கேட்கக் கூடாது.

எதை எடுத்தாலும், முதல் ஓட்டத்தில் நீங்கள் முன்சீற்றில் இருந்து போங்கள். 401 இல் மேற்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள். பதினெட்டு வருசம் சீற் செய்தவர் நீங்கள். தையல் நேராக இருக்கிறதா, பஞ்சு இறுக்கமா என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

அடுத்த மாதம் வேறொரு கணக்கோடு சந்திப்போம்.